புளியரை மலையடிவாரமும் ரெண்டு நிமிஷ கிரைம் த்ரில்லரும்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிற தம்பி தங்கச்சிங்க வருஷா வருஷம் ஒரே கேள்வியோடதான் வர்றாங்க. "அண்ணே, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கிரைம் த்ரில்லர் ஓப்பனிங் எடுக்கச் சொல்லிருக்காங்க, ஜானர் கன்வென்ஷன் எல்லாம் இருக்கணுமாம், என்னென்ன போடணும்?" போன்ல சொல்லிச் சொல்லி முடியல, ஒவ்வொருத்தருக்கும் பாதி பாதிதான் சொல்ல முடியுது, அதான் கேரளா எல்லையில இருக்குற எங்க செங்கோட்டை புளியரை பக்கம் நாங்க எடுத்த ஓப்பனிங்கை வச்சு முழுசா ஒரு தடவை எழுதி வச்சிருவோம்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுமையா வாசிங்க.

ஜானர்னா படத்தோட வகை, கன்வென்ஷன்னா அந்த வகைப் படத்துல வழக்கமா வர்ற விஷயங்க. இந்த "என்னென்ன போடணும்"ங்குற கேள்வியிலதான் எனக்கு முதல் வருத்தமே. என்கிட்ட வர்ற ஸ்க்ரிப்ட்ல பத்துக்கு எட்டுல கறுப்பு ஹூடி போட்ட ஒருத்தன் இருக்கான், கையில கிளவுஸ், சுவத்துல போட்டோ ஒட்டி சிவப்பு நூல் கட்டிருக்கும், ஒரு கிளாஸ்ல விஸ்கி, ஒரு டேபிள் லேம்ப். ஏம்ப்பா இதெல்லாம்னு கேட்டா கன்வென்ஷன் அண்ணேங்குறான். அந்தப் பொருளெல்லாம் வேற ஊர்க்காரங்க அவங்க ஊருக்குத் தகுந்தாப்ல எடுத்துக்கிட்டது. அந்தப் பொருள் அங்க என்ன வேலை பாக்குதுன்னு பாத்து, அந்த வேலையை நம்ம ஊர்ல எது பாக்கும்னு தேடினாத்தான் உங்க படம் உங்க படமா இருக்கும். நான் சொல்ல வர்றது முழுக்க இது ஒண்ணுதான்.

ஹூடியவே எடுத்துக்குவோமே. அதோட வேலை என்ன? ஆள் இருக்கான், ஆனா மூஞ்சி தெரியல. பாக்குறவன் மனசுல "யாருடா இவன்"னு ஒரு கேள்வி முளைக்கணும், அதுக்குத்தான் அது. இப்போ சாரல் சீசன்ல ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் தூறலும் வரும்போது எங்க பக்கம் வயக்காட்டுல நடந்து போறவரைப் பாருங்க, யூரியா சாக்கோட ஒரு மூலையை உள்ள தள்ளி மடிச்சு தலையில மாட்டிருப்பார், அது முதுகு வரைக்கும் தொங்கும், முன்னாடி நெத்தி வரைக்கும் இறங்கி நிக்கும், எதிர்ல வர்றவருக்கு வாயும் பீடி நெருப்பும் மட்டும்தான் தெரியும். ஹூடி பாக்குற வேலையை அந்தச் சாக்கு பாக்குது, அதுக்கு மேலயும் ஒண்ணு செய்யுது, இந்த ஆள் இந்த ஊர்க்காரன், மழைக்காலம், விடியக்காலை வேலைக்குப் போறவன்னு ஒரு வார்த்தை பேசாம சொல்லிருது. காசும் செலவில்ல. எங்க படத்துல வர்ற முதல் மனுஷன் அந்தச் சாக்குக்காரர்தான்.

அடுத்தது இருட்டு. பாதி மூஞ்சி வெளிச்சம் பாதி மூஞ்சி நிழல்ங்குற லைட்டிங் 1920கள்ல ஜெர்மன் படங்கள்ல வளந்து, அங்கருந்து போன ஆளுங்க மூலமா 1940கள்ல ஹாலிவுட் கிரைம் படங்களுக்குள்ள வந்தது, அதைத்தான் இன்னிக்கு ஃபிலிம் நுவார்னு கிளாஸ்ல சொல்லித் தர்றாங்க. நுவார்னா எல்லாத்தையும் இருட்டாக்குறதுன்னு பசங்க நினைச்சுக்குறாங்க. ராத்திரி பத்து மணிக்கு மொபைலைத் தூக்கிட்டுப் போய் எடுத்தா திரை முழுக்கப் புள்ளி புள்ளியா நாய்ஸ்தான் வரும், பயம் வராது. செங்கோட்டைக்காரங்களுக்கு இதுல ஒரு கொடுப்பினை இருக்கு. சூரியன் நமக்கு மலைக்குப் பின்னாடி போய் மறையுது. அதனால அடிவாரத்துல நிழல் சீக்கிரமே விழுந்துரும், ஆனா மேல வானம் ரொம்ப நேரம் வெளிச்சமா இருக்கும். அந்த நேரத்துல நிழல் கோடே இல்லாம ஒரு சாம்பல் வெளிச்சம் சமமாப் பரவி நிக்கும், கேமராவுல எக்ஸ்போஷரை, அதாவது படத்தோட வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்கி வச்சு, ஒரு குண்டு பல்போ வண்டி லைட்டோ ஃபிரேமுக்குள்ள எரியுற மாதிரி வச்சுட்டீங்கன்னா பாக்குறவங்க அதை ராத்திரின்னே நம்புவாங்க, ஆளோட கண்ணும் தெரியும். கடற்கரை ஊர்ல உக்காந்து எடுக்குறவனுக்கு இந்த நேரம் இவ்ளோ நீளமா கிடைக்காது.

இப்போ கதைக்கு வர்றேன். எல்லையில இருக்குறவனுக்கு கிரைம் கதையத் தேடி எங்கயும் போக வேண்டாம். எங்க ஊரே 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துல இருந்துச்சு, அப்புறம் கேரளா ஆகியிருக்க வேண்டியது, தமிழ்நாட்டோட சேந்துச்சு, ஊருக்குள்ள நுழையுற ஆர்ச்சுல இன்னும் அந்தத் திருவிதாங்கூர் சங்கு முத்திரை நிக்குது. மலை ஏறினா கோட்டவாசல், ஆரியங்காவு, தென்மலை. ஒரே ரோட்டுல சிவப்பு பஸ்ஸும் பச்சை பஸ்ஸும், ஒரே டீக்கடையில ரெண்டு பாஷை. இந்த ரோட்டுல போற லாரியில காய்கறி போகுது, வாழைக்காய் போகுது, வைக்கோல் போகுது. திரும்பி வரும்போது? அந்தக் கேள்வியிலதான் எங்க கதை பிறந்துச்சு.

2024 டிசம்பர்ல திருநெல்வேலி சுத்து வட்டாரத்துல ஊர் ஓரமா கேரளாவுல இருந்து வந்த ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டிருந்தது பெரிய செய்தியாச்சு, ஞாபகம் இருக்கும். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, அங்கருந்தே லாரியும் ஆளும் வந்து திருப்பி அள்ளிட்டுப் போனாங்க. கொட்டின குப்பையில நோயாளிங்க பேரோட காகிதமெல்லாம் கிடந்ததா செய்தி வந்துச்சு. எனக்கு அந்த ஒரு வரி தூங்க விடல. முகம் தெரியாத ஒருத்தரோட பேரு, எங்கயோ ஒரு வார்டுல எழுதினது, எல்லை தாண்டி வந்து நம்ம குளத்தங்கரையில நனைஞ்சு கிடக்கு. இதைவிட பெரிய ஓப்பனிங் வேற என்ன வேணும். கொலைகாரன் கத்தி ரத்தம் எதுவுமே வேண்டாம்.

அதனால எங்க ரெண்டு நிமிஷம் இப்படிப் போகுது. கறுப்புத் திரை, லாரி ஒண்ணு கீழ் கியர்ல மலை இறங்குற சத்தம், வைப்பர் சத்தம். அப்புறம் ஒரு நோட்டு, குளோசப், செக்போஸ்ட் ரெஜிஸ்டர். ஒரு கை எழுதுது, வண்டி நம்பர், டிரைவர் பேரு, நேரம், லோடுங்குற கட்டத்துல "காலி". பேனா அந்த வார்த்தைக்கு அடியில ஒரு கோடு இழுக்குது. கட். டார்ச் வெளிச்சம் தார்ப்பாய் மேல ஓடி, கீழ இறங்கி, பின் டயர் மேல ஒரு நொடி நிக்குது. டயர் ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்குது. டார்ச் அங்கருந்து நகந்து நம்பர் பிளேட்டுக்குப் போயிருது. ரோட்டுக்குக் குறுக்க கட்டின மூங்கிலைத் தூக்குறாங்க, வண்டி போயிருது.

இந்த டயர் ஷாட்டுக்காக நாங்க பேசுன பேச்சு கொஞ்ச நஞ்சமில்ல. எடிட் பண்ண நண்பன் சொன்னான், டார்ச் புடிச்சிருக்குற காவலர் முகத்துல ஒரு சந்தேகம் காட்டுவோம்னு. நான் வேண்டவே வேண்டாம்னு நின்னேன். காவலர் பாக்கல, நாம பாத்துட்டோம், அதுலதான் எல்லாம் இருக்கு. ஹிட்ச்காக் சொன்ன மேசைக்கடி வெடிகுண்டு கதை கிளாஸ்ல கேட்டிருப்பீங்க. ரெண்டு பேர் பேசிட்டு இருக்காங்க, திடீர்னு குண்டு வெடிக்குது, பாக்குறவனுக்குப் பதினஞ்சு செகண்ட் அதிர்ச்சி. அதே குண்டு மேசைக்கடியில இருக்குன்னு முன்னாடியே காட்டிட்டு அவங்களைப் பேச விட்டா பதினஞ்சு நிமிஷம் பதைப்பு. நம்ம டயர்தான் நம்ம குண்டு. காலின்னு எழுதின வண்டி கனமா இருக்கு, அது தெரிஞ்ச ஒரே ஆள் தியேட்டர்ல உக்காந்திருக்கவன், அவனால அந்தக் காவலரைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாது.

லாரி கிடைச்சது எங்க தெருவுல இருக்குற அண்ணாச்சி புண்ணியம். செங்கல் லோடு ஏத்தி நின்ன வண்டியை ஒரு சாயங்காலம் குடுத்தார், அதனாலதான் டயர் நிஜமாவே பிதுங்குச்சு. காலி வண்டியை வச்சு கனமான வண்டின்னு நடிக்க வைக்க முடியாது, ஓட்டுற சத்தத்துலயே காட்டிக் குடுத்துரும். "ஏலே, இது எதுக்குலே டயரைப் போய் படம் புடிக்கியே, என் மூஞ்சியப் புடியேன்"னார். அவரு மூஞ்சியும் ஒரு ஷாட்ல வருது, கண்ணாடியில, கண்ணு மட்டும்.

செக்போஸ்ட்ல எடுத்தீங்களான்னு எல்லாரும் கேக்குறாங்க. நிஜ செக்போஸ்ட்டைக் கேமரா வச்சு எடுக்க அனுமதி வேணும், போலீஸ்காரங்க வேலை பாக்குற இடம், அங்க போய் ஒளிஞ்சு நின்னு மொபைலைத் தூக்காதீங்க. எங்க செக்போஸ்ட் வயக்காட்டு ரோட்டுல ஒரு மூங்கில், ஒரு டிரம், ஒரு மேசை, ஒரு பல்பு, அவ்ளோதான். உலகத்துலயே பேர் போன எல்லை ஓப்பனிங் ஆர்சன் வெல்ஸோட டச் ஆஃப் ஈவில், 1958. ஒரு கை டைம் பாமைத் திருகி கார் டிக்கியில வைக்குது, ஒரு ஜோடி அது தெரியாம வந்து வண்டியில ஏறுது, கேமரா மேல போய் கீழ வந்து மூணு நிமிஷத்துக்கு மேல கட்டே இல்லாம அந்தக் காரோட சேந்து மெக்சிகோ எல்லை செக்போஸ்ட் வரைக்கும் நகருது, எல்லை தாண்டினதும் வெடிக்குது. அந்த எல்லை ஊரே நிஜ எல்லை கிடையாது, கலிஃபோர்னியாவுல வெனிஸ்னு ஒரு இடத்துல எடுத்தது. அவரே அப்படித்தான் எடுத்திருக்கார், நாம மூங்கில் நட்டா என்ன. அந்தப் படத்துல இன்னொரு விஷயம் உண்டு, ஸ்டுடியோக்காரங்க அந்த ஷாட் மேலயே டைட்டிலையும் மியூசிக்கையும் ஏத்திட்டாங்க, வெல்ஸ் அதை எதிர்த்து 58 பக்கத்துக்கு ஒரு குறிப்பு எழுதினார், அதை வச்சு 1998ல திரும்ப எடிட் பண்ணும்போதுதான் அந்த டைட்டில் போச்சு. ரெண்டையும் தேடிப் போட்டுப் பாருங்க, டைட்டில் எழுத்து கண்ணை எப்படி இழுத்துட்டுப் போகுதுன்னு புரியும்.

சரி, லாரி போயாச்சு. அடுத்து குளத்தங்கரை. ஹெட்லைட் வெளிச்சத்துல தூறல், சாக்குமூட்டை ஒண்ணொண்ணா விழுற சத்தம், கொட்டுற ஆளுங்களைக் காட்டவே இல்ல, ஹெட்லைட்டுக்குக் குறுக்க காலு மட்டும் போகுது. இங்க ஒரு டெக்னிக்கல் விஷயம் சொல்லிருறேன், மழையை முன்னாடி இருந்து லைட் அடிச்சு எடுத்தா கேமராவுல மழையே தெரியாது. வெளிச்சம் மழைக்குப் பின்னால இருந்து கேமராவை நோக்கி வரணும், அப்பதான் ஒவ்வொரு துளியும் வெள்ளிக் கம்பி மாதிரி மின்னும். ஹெட்லைட் அதுக்குத் தோது, கொஞ்சம் சைடுல நின்னு எடுங்க, நேரா லென்ஸுக்குள்ள அடிக்க விடாதீங்க. அப்புறம் டியூப்லைட், மலிவு எல்இடி பல்பு இருக்குற இடத்துல ஷட்டர் ஸ்பீடை 1/50 செகண்ட், இல்லன்னா 1/100 செகண்ட்ல வைங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், வேற ஸ்பீடுல வச்சா படத்துல பட்டை பட்டையா ஓடும். பாதிப் பேர் அதை எடிட்டிங் டேபிள்ல வந்துதான் பாக்குறாங்க.

விடியுது. சாக்கு போட்டுக்கிட்டு அந்தப் பெரியவர் பாட்டில் பொறுக்க வர்றார். மூட்டையைக் குச்சியால கிளறுறார், ஒரு பிளாஸ்டிக் பட்டை குச்சி நுனியில மாட்டிக்கிட்டு வருது, ஆஸ்பத்திரியில நோயாளி மணிக்கட்டுல கட்டுவாங்கள்ல, அது. வெட்டாத பட்டை. கையில இருந்து கழட்டணும்னா கத்திரியால வெட்டித்தான் எடுக்கணும், இது பூட்டு போட்ட மாதிரி வளையமா அப்படியே இருக்கு. இதை நாங்க எங்கயும் வசனத்துல சொல்லல. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த யாருக்கும் ஒரு நொடியில புரிஞ்சிரும், புரியாதவங்களுக்கு அடுத்த தடவை பாக்கும்போது புரியும். அதுல பேரு மலையாளத்துல எழுதிருக்கு. பெரியவர் ஈரத்தைத் துடைச்சிட்டு ஒவ்வொரு எழுத்தா வாசிக்குறார், எங்க பக்கம் அந்தக் காலத்து ஆளுங்க சிலருக்கு மலையாளம் வாசிக்க வரும், எங்க தாத்தாவுக்கு வரும், அவரைத்தான் நடிக்கக் கூப்பிட்டோம். எங்களோட படிச்ச ஆரியங்காவுத் தோழி அந்தப் பட்டையில எழுதிக் குடுத்தா, தாத்தா அவகிட்ட "மோளே, எழுத்து கொஞ்சம் பெருசா எழுதியிருக்கலாம்லா"ன்னு ரெண்டு பாஷையும் கலந்து சொல்லிட்டு, அந்தக் கண்ணைச் சுருக்கி வாசிச்சாரு பாருங்க, அது நடிப்பே இல்ல, அப்படியே வச்சுக்கிட்டோம்.

கடைசி ஷாட் டீக்கடை. தாத்தா டீ குடிக்க வந்து நிக்குறார், பின்னால சுவத்துல காணவில்லை போஸ்டர் ஒண்ணு மழையில பாதி கிழிஞ்சு தொங்குது, அதே பேரு, தமிழ்ல. தாத்தா போஸ்டரைப் பாக்கல, முதுகைக் காட்டிக்கிட்டு டீயை ஆத்திட்டு நிக்குறார். அவர் சட்டைப் பையில அந்தப் பட்டை. டைட்டில்.

போஸ்டர் வச்சு ஒரு கிரைம் படத்தை ஆரம்பிக்குறது புதுசு ஒண்ணும் கிடையாது. 1931ல ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த "எம்" (M)ங்குற ஜெர்மன் படத்துல ஒரு சின்னப்பொண்ணு போஸ்டர் ஒட்டின தூண்ல பந்தடிச்சு விளையாடுது, கொலைகாரனைப் புடிச்சுக் குடுத்தா பரிசுன்னு போட்டிருக்குற போஸ்டர், அது மேலயே அவன் நிழல் வந்து விழுது. வீட்டுல அம்மா சாப்பாடு எடுத்து வச்சிட்டுக் காத்திருக்கா. அப்புறம் பந்து புல்லுல உருண்டு வந்து நிக்குது, பலூன் போன் கம்பியில மாட்டி ஆடுது. அவ்ளோதான். குழந்தை செத்ததை ஒரு ஃபிரேம்ல கூடக் காட்டல, கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆகப்போகுது, இன்னிக்குப் பாத்தாலும் வயித்தைப் பிசையுது. பட்ஜெட் இல்லன்னு அழுற ஒவ்வொரு தம்பியும் அந்தப் பத்து நிமிஷத்தைப் பாக்கணும். ஒரு பந்து, ஒரு பலூன், ஒரு காலித் தட்டு.

நம்ம தமிழ்லயே இருக்கே. 1954ல எஸ். பாலசந்தர் இயக்கி ஏவிஎம் எடுத்த "அந்த நாள்" படம். பாட்டே கிடையாது, அந்தக் காலத்துல அதுக்கு எவ்ளோ துணிச்சல் வேணும்னு யோசிச்சுப் பாருங்க. படம் தொடங்கினதுமே துப்பாக்கிச் சத்தம், சிவாஜி விழுந்து செத்துருறார். ஹீரோவை முதல் நிமிஷத்துலயே கொன்னுட்டு, யாரு சுட்டாங்கன்னு ஆளாளுக்குச் சொல்ற கதையில படம் நகருது. போலீஸ் விசாரணையில இருந்துதான் செத்தவன் எப்படிப்பட்டவன்னே நமக்குத் தெரியுது. வைவாவுல, அதான் வாய்மொழித் தேர்வுல, டோடோரோவ்ங்குற இலக்கியக் கோட்பாட்டாளர் பத்திக் கேப்பாங்கள்ல, துப்பறியும் கதையில ரெண்டு கதை இருக்கு, ஒண்ணு குற்றத்தோட கதை, இன்னொண்ணு அதை விசாரிக்குற கதைன்னு 1966ல அவர் எழுதினது, அதுக்கு "அந்த நாள்" படம்தான் நல்ல உதாரணம், சொல்லிப் பாருங்க, கேக்குறவரே நிமிந்து உக்காருவார். எங்க ஓப்பனிங்ல லாரி குற்றத்தோட கதை, தாத்தா விசாரணைக் கதையோட முதல் ஆளு, அவருக்கே அது தெரியாது. பிரெஞ்சு விமர்சகர் ரோலண்ட் பார்த் 1970ல சொன்ன புதிர்க் குறியும் அதேதான், கேள்வியைப் போடு, பதிலைத் தள்ளிப் போடு. ஜானர் பத்தி எழுதின சினிமா ஆய்வாளர் ஸ்டீவ் நீல் சொன்னதையும் எழுதிருங்க, ஜானர்னா திரும்ப வர்றதும் வித்தியாசமா வர்றதும் சேந்ததுன்னு. இதை மனப்பாடம் பண்றதைவிட உங்க ஷாட் ஒண்ணைக் காட்டி இது இங்க திரும்ப வந்தது, இது மாறினதுன்னு சொன்னா மார்க் தானா வரும்.

ஒண்ணு ரொம்ப முக்கியமாச் சொல்லணும். ஆஸ்பத்திரிக் கழிவு சீன் எடுக்குறோம்னு நிஜமாக் குப்பை கிடக்குற இடத்துக்குப் போயிராதீங்க, ஊசி குத்தினா வாழ்க்கையே போயிரும். நாங்க மெடிக்கல்ல புதுசா கிளவுஸ், காலி டப்பா, சலைன் பாட்டில் வாங்கி, டீத்தூள் தண்ணியில நனைச்சுக் காய வச்சோம், ஊசி ஒண்ணு கூட வைக்கல. எடுத்து முடிச்சதும் ஒரு துண்டு விடாம அள்ளிட்டு வந்தோம், இந்தக் கதையை எடுத்துட்டு நாமளே குப்பை போட்டுட்டு வந்தா எந்த மூஞ்சியோட படத்தைக் காட்டுறது. பட்டையில எந்த ஆஸ்பத்திரி பேரும் போடல, போஸ்டர்ல இருக்குற போன் நம்பர் கிழிஞ்ச பக்கத்துல இருக்குற மாதிரி ஒட்டினோம், யாரோ ஒருத்தர் வீட்டுக்கு போன் போயிரக் கூடாது. அதே மாதிரி ரயில்வே லைன். பதிமூணு கண்ணறைப் பாலம், குகை, 1904ல போட்ட கொல்லம் செங்கோட்டை லைன், எல்லாம் பாக்க அள்ளும், அதனால எல்லாரும் அங்கதான் ஓடுறாங்க. தண்டவாளத்துல அனுமதியில்லாம எடுக்குறது குற்றம், அதைவிட ஆபத்து. காட்டுக்குள்ளயும் வனத்துறைகிட்ட கேக்காம போகாதீங்க. ரயில் வேணும்னா தூரத்துல சத்தமா வரட்டும், மலையில எதிரொலிச்சு வர்ற ஹார்னுக்கு இருக்குற பயம் பாலத்தைக் காட்டினா வராது.

சத்தம்னதும் ஞாபகம் வருது, த்ரில்லர்னா உடனே யூடியூப்ல இருந்து ஒரு டொம்ம்ம்னு ட்ரோன் மியூசிக் இறக்கிப் போட்டுருறாங்க. எங்க படத்துல மியூசிக்கே டைட்டில்லதான் வருது. அதுவரைக்கும் காத்து. கணவாய்க் காத்து மொபைல் மைக்ல நேரா அடிச்சா படபடன்னு கிழியுற சத்தம்தான் வரும், அதனால ரெண்டாவது மொபைல்ல காலர் மைக்கைப் பஞ்சு சுத்தி, சுவத்து மறைவுல வச்சுத் தனியாப் புடிச்சோம். மூங்கில் உரசுற சத்தம், தார்ப்பாய் அடிக்குற சத்தம், டீ ஆத்துற சத்தம் எல்லாம் தனித்தனியா. பேனா "காலி"ன்னு எழுதுற சத்தத்தைக் கிட்ட வச்சு எடுத்து, கொஞ்சம் கூட்டி வச்சோம். லாரி சத்தம் மட்டும் அடுத்த சீனோட தொடக்கத்துலயும் கொஞ்ச தூரம் ஓடி மறையும், சவுண்ட் பிரிட்ஜ்னு எழுதிக்கங்க.

போலீஸ் காகிதம் காட்டுற ஆளா இருந்தா இன்னொண்ணு. இன்னும் எல்லா ஸ்க்ரிப்ட்லயும் கொலைக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தோட 302ன்னே எழுதிட்டு வர்றாங்க. 2024 ஜூலை 1ல இருந்து அதுக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா வந்துருச்சு, கொலைக்கு இப்போ 103. சந்தேக மரணத்துக்கு முன்னாடி குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல 174 போடுவாங்க, இப்போ பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவுல 194. உங்க கதை அதுக்கு முன்னாடி நடக்குதுன்னா பழசு சரி. ஒரு செகண்ட் வர்ற எஃப்ஐஆர்தானேன்னு விடாதீங்க, இந்த ஜானர் பாக்குறவன் பாஸ் பண்ணி வாசிக்குறவன், அவன் நம்பிக்கை அந்த மாதிரி இடத்துலதான் உடையும்.

டைட்டில். 1995ல செவன் படத்துக்கு கைல் கூப்பர் பண்ணினதைப் பாத்துட்டு எல்லாரும் கீறல் எழுத்து, நடுங்குற எழுத்துன்னு போடுறாங்க. அங்க அந்த எழுத்துக்கு ஒரு காரணம் இருக்கு, கொலைகாரன் உக்காந்து நோட்டு தைக்குறான், எழுதுறான், பிளேடால விரல் நுனியைச் சீவுறான், அவன் கையோட வேலைதான் அந்த டைட்டில் முழுக்க. அவனை நாம பாக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே அவனோட புத்தியைப் பாத்துருறோம். எங்களுக்கு ரெஜிஸ்டர் இருந்துச்சு. அதனால ஒவ்வொரு பேரும் அந்த நோட்டுல கட்டம் போட்ட வரியில நீல மையில எழுதினதா வருது, நடிகர் பேரு டிரைவர் கட்டத்துல, எடிட்டர் பேரு நேரம் கட்டத்துல. படத்தோட பேரு "காலி", லோடு கட்டத்துல. அதுக்கு எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், கையெழுத்து நல்லா இருக்குற ஒரு ஆள் போதும்.

பேர் வர்ற வரிசையையும் கவனிங்க, தயாரிப்பு நிறுவனம் முதல்ல, அப்புறம் நடிகர்கள், படத்தோட பேரு, இசை, எடிட்டிங், ஒளிப்பதிவு, தயாரிப்பாளர், எழுத்து, இயக்கம் கடைசி. போடுற பேர் எல்லாத்தையும் ஒரு தடவை எழுத்துப் பிழை பாருங்க. வண்டி குடுத்த அண்ணாச்சி, அடுப்பை அணைச்சிட்டு ஒரு மணி நேரம் கடையை விட்டுக் குடுத்தவர், மூங்கில் வெட்டிக் குடுத்தவங்க, இவங்க பேரெல்லாம் கடைசியில நன்றின்னு ஓடுற பொடி எழுத்துல போட மனசு வரல, ரெஜிஸ்டர்லயே தனி வரி குடுத்தோம். சீசன் ஆரம்பிக்கப் போகுது, சாரல் இருக்கும்போதே எடுத்துருங்க, ஸ்க்ரிப்ட் இருந்தா அனுப்புங்க, ராத்திரி வேலை முடிஞ்சு வந்து கண்டிப்பா வாசிக்குறேன்.